திரையில் இருப்பவருக்குக் காது கிடையாது

மூன்று வாரங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் தொடங்கிய சண்டை இது. எதிரில் உட்கார்ந்திருந்தவன் இருபத்தாறு வயதுப் பையன். நான் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்த மெல்லிசைக் குழுவின் பாடகருடைய மகன். தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டுக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அங்கிள், இத பாருங்க. கார்ல் பால்மர் ஷோ. எமர்சன் இல்ல, லேக் இல்ல, ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. ஆனா ஸ்கிரீன்ல ரெண்டு பேரும் வாசிக்கிறாங்க, இவரு நேர்ல வாசிக்கிறாரு. அப்பாவுக்கும் இப்படிப் பண்ணலாம் லா."

அவன் அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. 1996-ல் ஒரு கல்யாண விருந்தில் எடுத்த வீடியோ டேப் அவனிடம் இருக்கிறது. இப்போது ஏதோ மென்பொருள் வந்திருக்கிறதாம். மற்ற வாத்தியங்களைக் கழித்துவிட்டு அப்பாவின் குரலை மட்டும் பிரித்தெடுத்து வைத்திருக்கிறான். டிசம்பரில் நினைவு விருந்து. திரையில் அப்பா பாடுவார், கீழே நான் டிரம்ஸ் வாசிக்க வேண்டும். "நீங்க வந்து உக்காந்தா போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்."

முடியாது என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். "நீங்க எப்பப் பாத்தாலும் பேசுற அந்த நிக் மேசன் மட்டும் என்ன பண்றாரு? அசல் ஆளு அவரு ஒருத்தர்தான். மத்த நாலு பேரும் வெளியிலேர்ந்து வந்தவங்க. அது கவர் பேண்ட் அங்கிள். பால்மர் ஷோவுல மூணு பேரும் இருக்காங்க. எது ஒரிஜினல், நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு நான் சொன்ன பதில் உருப்படியாக இல்லை. குரலை உயர்த்தினேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேட்ட கேள்வியை இப்போது பல இளைஞர்கள் கேட்கிறார்கள் என்பதால், அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். நிக் மேசன் செய்வதுதான் மீட்பு. பால்மர் கடைசியாகச் செய்தது மீட்பே அல்ல. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த குழு எங்களுடையது. எட்டுப் பேர். எங்களுக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு, "அப்படியே கேசட்ல கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்பது. குழுத் தலைவருக்கு அந்த வாக்கியம் சாமி பிரசாதம் மாதிரி. ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் தெரியும், ஒரு நாளும் அது கேசட் மாதிரி இருந்ததில்லை. பாடகருக்குச் சளி பிடித்திருந்தால் அரைக் கட்டை இறக்குவோம். அவர் பல்லவிக்குத் திரும்பாமல் ஒரு சங்கதியை இழுத்துக்கொண்டே போனால், நான் ஹை-ஹாட்டை மட்டும் மெதுவாக வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு எடுக்கும்போது அவருடைய வலது தோள் லேசாக ஏறும். அந்தத் தோள் ஏறியதும் நான் உருட்டி உள்ளே வருவேன். பதினோரு வருடம் அந்தத் தோளைப் பார்த்து வாசித்தவன் நான். டிரம்மர் என்பவன் தாளம் போடுகிறவன் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி நேரம் அவன் செய்வது அடுத்தவருக்காகக் காத்திருப்பதுதான்.

பிறகு மைனஸ் ஒன் வந்தது. ஒரு மினிடிஸ்க் பெட்டி, அதற்குள் முழு இசைக்குழு. எட்டுப் பேருக்குச் சம்பளம், எட்டுப் பேருக்குச் சாப்பாடு, வேன் வாடகை எல்லாம் மிச்சம். தலைவர் எங்களை உடனே அனுப்பிவிடவில்லை. மேடை காலியாகத் தெரியக் கூடாதே! மூன்று மாதம் நான் மைக் போடாத டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஸ்பீக்கரில் வந்தது பெட்டிக்குள் இருந்த டிரம்ஸ். அதோடு என் கை ஒத்துப்போவது போல இருந்தால் போதும். பாடகர் ஒரு நாள் பழக்கதோஷத்தில் சங்கதியை இழுத்தார். நானும் பழக்கதோஷத்தில் நின்றேன். பெட்டி நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு இரவே நான் விலகிவிட்டேன்.

ஆகவே, திரையில் ஓடும் ஒருவருக்குக் கீழே உட்கார்ந்து வாசி என்று என்னிடம் சொன்னால் எனக்கு அந்த மினிடிஸ்க் பெட்டிதான் ஞாபகம் வருகிறது.

இனி பால்மருக்கு வருகிறேன். எமர்சன், லேக் அண்ட் பால்மர் எழுபதுகளின் பெரிய மூவர் குழு. கீத் எமர்சன் 2016 மார்ச்சில் இறந்தார், கிரெக் லேக் அதே வருடம் டிசம்பரில். மிச்சமிருப்பவர் டிரம்மர் மட்டும். அவர் பல வருடங்களாகத் தன் பெயரில் ஒரு மூவர் குழுவை நடத்திவந்தார், அதைப் பற்றி நம் பையன்கள் யாரும் பேசுவதில்லை. அந்தக் குழுவில் அவர் ஒரு காரியம் செய்தார்: கீபோர்டையே தூக்கிவிட்டார். எமர்சனின் விரல்களுக்காக எழுதப்பட்ட 'டார்கஸ்' மாதிரியான நீண்ட உருப்படிகளை ஒரு கித்தாரும் ஒரு பேஸும் பங்கு போட்டு வாசித்தன. எமர்சனைப் போல வாசிக்க ஆளைத் தேடாமல், எமர்சன் இல்லாத இடத்தை வேறு வாத்தியத்தால் நிரப்பினார். கேட்டால் சில இடங்களில் முரட்டுத்தனமாக இருக்கும், சில இடங்களில் கித்தார் திணறும். அந்தத் திணறலில் எனக்கு மரியாதை உண்டு.

அதே மனிதர் 2022-ல் வேறு வழியில் போனார். 1992-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்த படத்திலிருந்து எமர்சனும் லேக்கும் பெரிய திரைகளில் வாசிக்க, நடுவில் உட்கார்ந்து இவர் நேரில் வாசித்தார். டிரம்மருக்கு வயது 72. திரையில் எமர்சனுக்கு 47, லேக்குக்கு 44. அந்தப் படம் எடுத்த அடுத்த வருடம் எமர்சனின் வலக்கை நரம்பில் கோளாறு வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை பழையபடி அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. திரைக்கு அந்தக் கதை தேவையில்லை. கை நன்றாக இருந்த ஒரு ராத்திரியை எடுத்துவைத்துக்கொண்டு அதையே ஊர் ஊராக ஓட்டலாம்.

நண்பர்களை இழந்த ஒரு மனிதரின் துக்கத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் நடப்பது என்ன என்று தொழில் தெரிந்தவனாகப் பார்க்க வேண்டும். ஓடுகிற படத்தோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் டிரம்மருடைய காதில் கிளிக் ஓட வேண்டும். இன்று கொஞ்சம் வேகமாக எடுப்போமே என்று அவருக்குத் தோன்றினால் எடுக்க முடியாது. கூட்டம் ஒரு இடத்தில் கொந்தளித்தால் அந்த இடத்தை இன்னும் எட்டு சுற்று நீட்ட முடியாது. அவர் தப்பு செய்தால் எமர்சன் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார். திரையில் இருப்பவர்களுக்கு வாசிக்கக் கை இருக்கிறது, கேட்கக் காது கிடையாது. உலகத்தின் மிக வேகமான கைகளில் ஒன்றைக் கொண்டவர், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரிக்குத் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் இருக்கிறார்கள் என்கிறான் பையன். என் கணக்குப்படி அந்த மேடையில் ஒருவர்கூட முழுசாக இல்லை.

நிக் மேசன் கதை வேறு.

பிங்க் ஃபிளாய்ட் பெயர் கேட்டவுடன் நம் ஆட்களுக்குத் தெரிவது முக்கோணக் கண்ணாடி போட்ட அந்தக் கறுப்பு அட்டை, அதன் டி-ஷர்ட். பாசார் மாலாமில்கூடக் கிடைக்கும். 1973-ல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1988 வரைக்கும் பில்போர்ட் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. அப்படிப்பட்ட வெற்றி ஒரு குழுவை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் ஆறு வருடம் அவர்கள் போட்ட ஆல்பங்கள் பெரும்பாலும் பரண்மேல் ஏறிவிட்டன. அரங்குகள் விளையாட்டு மைதானங்களாயின. படங்களும் விளக்குகளும் பெருத்தன. குழுவுக்குள் சண்டை மூண்டு, ரோஜர் வாட்டர்ஸ் வெளியேறி, 1986-ல் பெயருக்காக வழக்குப் போட்டு, கில்மரும் மேசனும் அந்தப் பெயரோடு தொடர்ந்து, இன்று வரைக்கும் கில்மரும் வாட்டர்ஸும் எதிரும் புதிரும்தான்.

இதில் டிரம்மர் எங்கே இருந்தார்? 1967-லிருந்து அந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களிலும் பெயர் இருக்கும் ஒரே ஆள் மேசன். ஆனால் தன் சொந்தக் குழுவிலேயே அவருடைய இருக்கையில் வேறு ஆட்கள் உட்கார்ந்த கதையும் உண்டு. 'த வால்' ஆல்பத்தில் 'மதர்' பாட்டுக்கு வாசித்தது ஜெஃப் போர்காரோ. 1983-ல் 'த ஃபைனல் கட்'டின் கடைசிப் பாட்டுக்கு வாசித்தது ஆண்டி நியூமார்க். 1987 ஆல்பத்தில் மேசனுக்குப் பயிற்சி விட்டுப்போயிருந்ததால் கூலிக்கு டிரம்மர்களைக் கூப்பிட்டு வாசிக்கவைத்தார்கள். அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். மைக் போடாத டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு அந்த வலி தெரியும்.

2018 மே மாதம், 74 வயதில், லண்டன் கேம்டனில் சில நூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய டிங்வால்ஸ் என்ற இடத்தில் அவர் ஒரு புதுக் குழுவோடு மேடையேறினார். பெயர், 1968 ஆல்பத்தின் பெயர்: நிக் மேசன்ஸ் சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ். யோசனை கித்தார் வாசிக்கும் லீ ஹாரிஸுடையது. பேஸுக்கு கை பிராட். 1987-லிருந்து ஃபிளாய்ட் மேடைகளில் வாசித்தவர், ரிச்சர்ட் ரைட் குடும்பத்தில் பெண் எடுத்தவர். கீபோர்டுக்கு டோம் பெக்கன். பாடுவதற்கும் இன்னொரு கித்தாருக்கும் கேரி கெம்ப். இந்தக் கெம்ப் பெயரைக் கேட்டதும் தீவிர ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எண்பதுகளில் 'ட்ரூ' என்ற உருகும் பாட்டை எழுதிய ஸ்பாண்டாவ் பாலே ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: 1973-க்கு முந்தையதை மட்டும் வாசிப்பது. கூட்டம் எதற்காக வருமோ அந்த ஆல்பத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு மேடையேறுவது. காசுக்காகச் செய்கிறார் என்கிறவர்கள் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். (அவரிடம் ஃபெராரி 250 ஜிடிஓ இருக்கிறது. உலகத்தில் அந்தக் காரை வைத்திருப்பவர்களை எண்ணிவிடலாம். புட்னியில் ஒரு பப்பில் வாசித்துச் சம்பாதிக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை.)

நான் இவர்களை நேரில் பார்த்ததில்லை. 2019 மே மாதம் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் பதிவு செய்தது 2020 செப்டம்பரில் வெளிவந்தது. இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முழங்காலில் குச்சியால் தட்டிக்கொண்டே நாலைந்து தடவை பார்த்தேன். ரவுண்ட்ஹவுஸ் என்பது சும்மா ஓர் அரங்கு அல்ல. 1966 அக்டோபரில் இதே கட்டடத்தில், ஒரு தலைமறைவுப் பத்திரிகையின் தொடக்க விழாவில், யாருக்கும் தெரியாத நாலு பையன்களாக பிங்க் ஃபிளாய்ட் வாசித்திருக்கிறார்கள். அந்த நால்வரில் சித் பாரட் 2006-லும் ரிச்சர்ட் ரைட் 2008-லும் போய்விட்டார்கள்.

'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்' என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மேசன் குச்சியால் அடிப்பதில்லை. நுனியில் பஞ்சு உருண்டை கட்டிய மேலட்டால் டாம்களை உருட்டுகிறார். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற படத்தில் சீக்கோ ஹாமில்டன் என்ற ஜாஸ் கலைஞர் வாசித்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட முறை அது. பாட்டு முழுக்க ஒரே உருட்டல்தான், ஆனால் அது எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்பது எழுதிவைக்கப்படவில்லை. ரவுண்ட்ஹவுஸில் மற்ற நால்வரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் ஏற்றினால் ஏறுகிறார்கள். அவர் கிட்டத்தட்ட நின்றே போகிற அளவுக்கு இறக்கும்போது கீபோர்ட் ஒற்றைச் சத்தமாகச் சுருங்குகிறது. எனக்குத் தெரிந்த தோள் ஏறுகிற விவகாரம்தான் இது. மைதானங்களில் படத்தோடும் விளக்கோடும் ஒட்டி வாசித்த வருடங்களில் அவருக்குக் கிடைக்காத ஒன்று, 75 வயதில் கிடைத்திருக்கிறது.

இதே பாட்டுக்குத்தான் 2019 ஏப்ரல் 18 அன்று நியூயார்க் பீக்கன் தியேட்டரில் ரோஜர் வாட்டர்ஸ் மேடைக்கு வந்தார். பழைய நாட்களில் கொங் அடிக்கிறவர் அவர். 1971-ல் பொம்பேயில் எடுத்த படத்தில், இடிந்த ரோமானிய அரங்கில் நின்று அவர் அதை வெளுத்துவாங்குவதைப் பார்க்கலாம். நியூயார்க்கிலும் வந்து கொங்கை அடித்தார், பாடினார். நரைத்த தலை, 75 வயதுக் குரல். அந்தக் குரலுக்கு ஏற்றபடி கீழே ஐவரும் வாசித்தார்கள். பழைய ஆள் திரும்பி வருவதென்றால் இப்படித்தான் வர முடியும். தன் வயதோடும், அன்றைய தொண்டையோடும்.

அந்தப் பொம்பே படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஒன் ஆஃப் தீஸ் டேய்ஸ்' பாட்டில் மேசன் கையிலிருந்து ஒரு குச்சி தெறித்து விழும். அவர் பார்வையைக்கூடத் திருப்பாமல் இன்னொன்றை எடுத்துத் தொடர்வார், தாளம் தப்பாது. நான் பதினைந்து வயதில், எங்கள் தாமானில் ஒரு மலாய் அபாங் வீட்டில் பார்த்தேன். அவர் சர்ச், விங்ஸ் கேசட்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த ரோக் காப்பாக் ஆசாமி. ஃபிளாய்ட் டேப் அவரிடம் எப்படி வந்தது என்று தெரியாது. அந்தக் குச்சி விழும் இடத்தை மட்டும் ரீவைண்ட் செய்து காட்டுவார். டிரம்ஸ் வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். தாளம் தப்பாததால் மட்டும் அல்ல, குச்சி விழுந்ததாலும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன்: 'எக்கோஸ்'. 1971 'மெடில்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க ஓடும் 23 நிமிட உருப்படி. ரைட்டின் பியானோவில் ஒற்றைச் சுரம், நீருக்கடியிலிருந்து வருவது போல, அதில் தொடங்கும். கில்மரும் ரைட்டும் ஒன்றாகப் பாடும் இரட்டைக் குரல் அது. ரைட் இல்லாமல் அதை இனி வாசிக்க மாட்டேன் என்று கில்மர் சொல்லிவிட்டார். 2016-ல் பொம்பேக்குத் திரும்பிப் போய்க் கச்சேரி செய்தபோதும் வாசிக்கவில்லை. 2022-ல் மேசன் குழு அதை எடுத்தது.

யார் செய்தது சரி? மாமாக் கடைப் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் தடுமாறியிருப்பேன். கில்மரின் மௌனத்தில் ஒரு விசுவாசம் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்ட ஒரு பேச்சு அது, ஒருவர் போனபின் மற்றவர் தனியாகப் பேச மறுக்கிறார். அதை மதிக்கிறேன். ஆனால் மேசன் அந்தப் பேச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள். அவருக்கும் அந்த 23 நிமிடத்தில் பங்கு உண்டு, அவர் கைக்கும் அந்த ஞாபகம் உண்டு. அவர் ரைட்டின் குரலைப் பழைய ஒலிநாடாவிலிருந்து வெட்டி ஒட்டவில்லை. பெக்கன் அந்த ஒற்றைச் சுரத்தைத் தன் விரலால் அழுத்துகிறார். கெம்பும் பிராட்டும் தங்கள் குரலில் பாடுகிறார்கள். ரைட் இல்லை என்பது அங்கே கேட்கிறது. திரை வைத்து மூடாததால்தான் கேட்கிறது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதைகளில் ஒன்று வாசிக்காமல் இருப்பது, இன்னொன்று அவர் இல்லை என்பது தெரியும்படி வாசிப்பது. இரண்டையும் ஏற்றுக்கொள்வேன். அவர் இருப்பது மாதிரி நடிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

மேசன் குழுவில் குறை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெம்பின் குரல் சுத்தமான குரல், பாரட்டின் பாட்டுகளுக்கு அது சில சமயம் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி பொருந்தாமல் நிற்கிறது. 'பைக்' பாட்டு அசலில் சிரித்துக்கொண்டே பயமுறுத்தும். இவர்கள் வாசிக்கும்போது சிரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. பாரட் மனம் குலைந்துகொண்டிருந்த நாட்களில் எழுதிய 'வெஜிடபிள் மேன்', 1967-ல் பதிவாகி 2016 வரைக்கும் முறைப்படி வெளிவராமல் கிடந்த பாட்டு. அதை ஒரு ஜாலியான ராக் பாட்டாகக் கூட்டம் கைதட்டி ரசிப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் 'ஏட்டம் ஹார்ட் மதர்' விஷயத்தைப் பாருங்கள். அசல் 23 நிமிடத்துக்கும் மேல், ஊதுவாத்தியக் குழு, பாடகர் குழு என்று ஒரு பட்டாளமே சேர்ந்து வாசித்தது. ஐந்து பேரால் அது முடியாது. அதனால் அதைச் சுருக்கி, 'இஃப்' என்ற மெல்லிய பாட்டைப் பிளந்து அதன் நடுவில் வைத்துவிட்டார்கள். இதற்கு முன் அப்படி ஓர் உருவம் அந்தப் பாட்டுக்குக் கிடையாது. ஃபிளாய்டே செய்யாத ஒன்று. இதைச் செய்ய ஒரு கவர் பேண்டுக்கு உரிமையும் கிடையாது, தைரியமும் வராது. அச்சு அசலாக வாசிக்கும் குழுக்கள் வேண்டுமானால் உலகமெங்கும் இருக்கின்றன, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒன்று கில்மரின் ஐம்பதாவது பிறந்தநாளிலேயே வாசித்திருக்கிறது. அந்த வேலை ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கிறது. மேசன் அதைத் திரும்பச் செய்ய வேண்டிய அவசியமில்லை.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலர் எழுதுகிறவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சூழலில் மூத்த எழுத்தாளர் ஒருவர் இறந்தால் உடனே அவருடைய படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பின்னால் தொங்கவிட்டு, முன்னால் நின்று வழக்கமான நாலு வரியைச் சொல்லிவிட்டு இறங்குகிறோம். படத்துக்கும் காது கிடையாது. அவர் கதையை எடுத்து, இந்த இடம் இன்று எனக்கு வேலை செய்யவில்லை, இந்த இடம் இன்னும் எரிகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை. மரியாதைக் குறைவாம். 'சாஸர்ஃபுல்' உருப்படியை வாட்டர்ஸும் மேசனும் கட்டடக்கலை மாணவர்களாக இருந்த பழக்கத்தில், மேடு பள்ளமாகக் காகிதத்தில் வரைந்துதான் அமைத்தார்கள். வரைபடம் கையில் இருப்பவன் அதே கட்டடத்தை வேறு மண்ணில் எழுப்பலாம். புகைப்படம் மட்டும் கையில் இருப்பவன் அதைச் சட்டம் போட்டு மாட்டத்தான் முடியும்.

சரி, பையன் விஷயம்.

போன வாரம் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். "நீ பாடு, நான் வாசிக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

"எனக்கு அப்பா குரல் இல்லியே அங்கிள்."

"கெம்புக்கு மட்டும் சித் பாரட் குரலா இருக்கு?"

"அது வேற லா. வர்றவங்க அம்மாவோட சொந்தக்காரங்க. அப்பாவ ஒரு தடவ பாக்கணும்னு வர்றாங்க. அம்மா இந்த வீடியோவத்தான் தினம் போட்டுப் பாக்குறாங்க, தெரியுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மா கையால் எத்தனையோ ராத்திரி, கச்சேரி முடிந்து வந்து மீந்த சோறு சாப்பிட்டிருக்கிறேன். வீடியோவை விருந்தின் தொடக்கத்தில் தனியாகப் போடுங்கள், அதற்குக் கீழே யாரும் வாசிக்க வேண்டாம், அது முடிந்தபின் நீ இரண்டு பாட்டுப் பாடு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். அப்பா வழக்கமாக முதலில் பாடும் பாட்டு. காரில் உட்கார்ந்து பாடியிருக்கிறான், இண்டிகேட்டர் சத்தம் கேட்கிறது. மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது. ஒன்றரைக் கட்டை இறக்க வேண்டும். வியாழக்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.